பூட்டு ஊரிலிருந்து ஒரு திறந்த மடல்

கணினி விளையாட்டுகளையும் மென்பொருளையும் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நான் திண்டுக்கல்லில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இதே இடத்தில் 2004 முதல் பத்து வருடம் பிரௌசிங் சென்டர் நடத்தினேன். எட்டு சிஸ்டம், மணிக்கு 15 ரூபாய். ரயில் டிக்கெட் போடவும் தேர்வு முடிவு பார்க்கவும் வந்தவர்களைவிட, ஸ்கூல் விட்டதும் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு ரோட் ராஷ் ஆட ஓடி வந்த பையன்கள்தான் என் கடைக்கு வாடகை கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு சிஸ்டத்தையும் லேனில் கோத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 போட்டுவிடுவேன். ஒருத்தன் செத்தால் தெருமுனை டீக்கடை வரைக்கும் சத்தம் கேட்கும். ஆகவே உங்கள் தொழிலையே பிடிக்காத ஒருவன் எழுதுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களால் சோறு தின்றவன் நான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ‘ஆன்லைன் கேம்’ என்று வாயெடுத்தாலே ரம்மியா என்று கேட்கிறார்கள். காசு வைத்து ஆடுவது வேறு கதை. அதற்கு மத்திய அரசு 2025-இல் தனிச் சட்டமே போட்டுவிட்டது. நான் பேசப்போவது கடையில் பொருள் வாங்குவதுபோல் முழு விலை கொடுத்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டை நீங்கள் பிறகு முடக்கிவிடுவதைப் பற்றி.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிளஸ் டூ முடித்த லீவில் ஒரு பிரியாணிக் கடையில் பார்சல் கட்டி, அந்தக் காசில் ஒரு விளையாட்டு வாங்கினான். காடு மலையெல்லாம் சுற்றிப் பூதங்களை வெட்டிச் சாய்க்கும் வகை. அவனிடம் அப்போது வங்கிக் கணக்கு கிடையாது. என் போனிலிருந்துதான் யுபிஐயில் கட்டினேன். அவன் நூறும் ஐம்பதுமாக எண்ணிக் கொடுத்த நோட்டுகளில் மசாலா வாசம் அடித்தது. 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ‘எதுக்குடா இவ்வளவு காசு, கிராக் பண்ணினது கிடைக்குமே’ என்று நானே கேட்டேன். ‘ஒரிஜினல் வேணும்ண்ணே’ என்றான்.

இப்போது வந்து, ‘அண்ணே, கேம் ஓப்பன் ஆகல. வைரஸான்னு பாருங்க’ என்றான். திறந்தேன். லோகோ வந்தது, முழக்கமாக இசை வந்தது, அப்புறம் சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி. கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் வெளியே தள்ளிவிடுகிறது. டிரைவரைப் பார்த்தேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். என் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டும் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து இணையத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, அந்த நிறுவனம் சர்வரையே மூடிவிட்டது. மூடப்போவதாக மின்னஞ்சல் அனுப்பினார்களாம். அவன் எந்தக் காலத்தில் மின்னஞ்சல் பார்த்தான்?

‘நான் யார்கூடவும் சேர்ந்து ஆடலியேண்ணே. தனியாத்தானே ஆடுவேன்’ என்றான். டி டிரைவில் அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். 43 ஜிபி. காடு, மலை, பூதம், பூதத்தின் உறுமல், எல்லாம் அவன் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. உள்ளே போகத்தான் வழியில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் போ என்று மட்டும் சொன்னேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றவர்களெல்லாம் ‘அது நாங்கள் இல்லையே’ என்று நழுவிவிடுவீர்கள்.

எங்கள் ஊரைப் பார்க்காதவர்களுக்கும் திண்டுக்கல் பூட்டு தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. இங்கே ஒரு பட்டறையில் மாங்காய்ப் பூட்டு வாங்கினால் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஆசாரி பட்டறையை மூடலாம், தொழிலை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகலாம். பூட்டு வாங்கியவர் தன் வீட்டுக்குள் போக அதனால் ஒரு தடையும் இல்லை. நீங்கள் விற்கும் பூட்டுக்கு மட்டும் சாவி பட்டறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆசாரி வந்து திறந்துவிட வேண்டும். அவர் கடையைக் கட்டிவிட்டால் வீட்டுக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான். இப்படி ஒரு பூட்டை எங்கள் ஊரில் விற்றால் சாயங்காலத்துக்குள் பஞ்சாயத்து கூடிவிடும்.

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் யூபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய விளையாட்டு. அமெரிக்கா மொத்தத்தையும் சுருக்கி ஒரே வரைபடமாகச் செய்திருந்தார்கள். கடற்கரைக்குக் கடற்கரை வண்டி ஓட்டலாம். ஆனால் தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் உருவத் தொடங்கினார்கள். டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். இனி அது டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும்.

அந்தக் கடுப்பில்தான் யூடியூபில் விளையாட்டுகளைப் பற்றிக் காணொளி போடும் ராஸ் ஸ்காட் என்பவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தை 2024 ஏப்ரலில் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுக்கும் குடிமக்கள் மனுவுக்குத் தேவைப்பட்ட 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிவிட்டார்கள். 2025 நவம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் இதைப் பேசினார்கள். விளையாட்டுப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

இதில் எனக்கு நெஞ்சு எரிகிற விஷயம் வேறு. என் கடை மேஜை டிராயரில் இரண்டு சிடி இருக்கின்றன. இரண்டிலும் ஒரே விளையாட்டு. ஒன்று 2005-இல் சென்னைக்குப் போனபோது பெரிய கடையில் 999 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரிஜினல். பெட்டி, புத்தகம், சீரியல் நம்பர் எல்லாம் உண்டு. இன்னொன்று அதே பயணத்தில் பர்மா பஜாரில் நண்பன் 50 ரூபாய்க்கு வாங்கியது. மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருக்கும், அதிலும் எழுத்துப் பிழை. இன்று விண்டோஸ் 10-இல் போட்டால் 50 ரூபாய் சிடி ஓடுகிறது. 999 ரூபாய் சிடி ஓடாது.

காரணம் மாயமில்லை. ஒரிஜினல் சிடியில் நகல் எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்டிருந்தார்கள். விண்டோஸுக்குள் டிரைவர் என்ற சின்ன நிரல் ஒன்று உட்கார்ந்து, டிரேயில் இருப்பது அசல்தானா என்று பார்த்த பிறகே விளையாட்டு திறக்கும். அந்த டிரைவரால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை ஓடவிடாமல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் செய்தது சரிதான். பூட்டைப் போட்டவர்கள்தான் வந்து கழற்றிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒரு சின்ன பேட்ச், அதாவது திருத்த நிரல், போதும். என்னுடைய சிடிக்கு அது வரவேயில்லை. திருட்டு சிடிக்காரன் பூட்டை அன்றைக்கே அறுத்துவிட்டதால் அவன் சரக்கு பிழைத்துக்கொண்டது. நியாயமாகக் காசு கொடுத்தவன் நான், பல்லைக் காட்டிக்கொண்டு நண்பனின் சிடியைக் கடன் கேட்க வேண்டியதாயிற்று. இந்த நிலையில் ‘ஒரிஜினல் வாங்கு தம்பி’ என்று ஒரு பையனிடம் எந்த வாயால் சொல்வேன்?

சர்வரை நம்பாமல் பிழைத்தவை எப்படி வாழ்கின்றன என்றும் பாருங்கள். ஈஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ வந்தது 2006 நவம்பரில். அதோடு அவர்கள் அந்த வரிசையையே நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் இந்தியாவில் அது இன்னும் சாகவில்லை. ரசிகர்கள் தாங்களே பேட்ச் செய்து வருடா வருடம் அணிகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஐபிஎல் பிறப்பதற்கு முன் வந்த விளையாட்டில் சேப்பாக்கத்து மஞ்சள் சட்டைகள் ஆடுகின்றன. மட்டையைப் பிடித்திருக்கும் கை இன்னும் கட்டைபோல்தான் இருக்கும், ஸ்டேடியத்தில் உள்ள கூட்டம் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்கும் பழைய பென்டியம் மெஷினைக் கொண்டுவந்து இதை ஏற்றித் தரச் சொல்லும் அப்பாக்கள் வருகிறார்கள். பிள்ளைக்காக என்பார்கள். எக்ஸ்ட்ரா கவர் மேல் எப்படித் தூக்கி அடிப்பது என்று அவர்கள் கை தானாகவே கீபோர்டில் போவதைப் பார்த்தால் யாருக்காக என்று தெரிந்துவிடும்.

‘டூம்’ இன்னும் நல்ல உதாரணம். 1993-இல் வந்தது. நான்கே வருடத்தில், 1997 டிசம்பரில், ஐடி சாஃப்ட்வேர் அதன் மூல நிரலை வெளியிட்டது. அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் கண்ணில் படும் கருவியிலெல்லாம் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த நிறுவனம் இதனால் நொடித்துப் போகவில்லை. அதன் புதிய டூம் விளையாட்டுகளும் நன்றாகவே விற்றன.

விளையாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு அண்ணன் டிடிபி செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல்தான். 2001-இல் வந்த பதிப்பு. விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். நெட் கேபிளே கிடையாது, பென் டிரைவை ஸ்கேன் பண்ணாமல் சொருக விடமாட்டார். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரலில். அண்ணனுக்கு அந்தச் செய்தி தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம். ‘திருநிறைச்செல்வன்’ என்ற சொல்லைப் பழைய எழுத்துருவில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். (அந்த பேஜ்மேக்கர் ஒரிஜினலா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.)

நான் சொல்ல வருவது இதுதான்: ஆதரவை நிறுத்துவது வேறு, பொருளை நிறுத்துவது வேறு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அந்த வாரம் என் கடையில் கூட்டம். ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடைக்காது என்றதும் எல்லாரும் பதறினார்கள். எனக்கும் அதில் கோபம் உண்டு, நல்ல மெஷினைக் குப்பை என்று சொல்ல வைக்கிறார்கள். ஆனாலும் அக்டோபர் 15 காலையில் பட்டனை அழுத்தினால் அந்த மெஷின் ஆன் ஆயிற்று. ஆபத்து உங்கள் பொறுப்பு என்றார்கள். சரி, அது நேர்மை. ஆதரவு முடிந்த நாளோடு கணினியே திறக்காது என்று சொல்லியிருந்தால் ஊர் சும்மா இருந்திருக்குமா? அதைத்தான் விளையாட்டில் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும். சர்வருக்குச் செலவாகும் என்பீர்கள். ஆகும். காலம் முழுக்க ஓட்டச் சொல்லவில்லை. நானே கட்டுப்படியாகாமல் பிரௌசிங் சென்டரை மூடியவன்தான். மூடும்போது கஸ்டமர் வீட்டு கம்ப்யூட்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

தொழில்நுட்பத்தில் முடியாது என்பீர்கள். இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ வந்தது. தனியாக நகரம் கட்டினாலும் நெட் இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். வந்த முதல் வாரமே சர்வர் தாங்காமல் படுத்துவிட்டது. நெட் இல்லாமல் ஆட வழி செய்யுங்கள் என்று கேட்டதற்கு, அது பெரிய பொறியியல் வேலை என்றார்கள். சரியாக ஒரு வருடத்தில், 2014 மார்ச்சில், அதே வழியைச் செய்து கொடுத்தார்கள். முடியாதது எப்படி முடிந்தது? கேட்கிற சத்தம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். யூபிசாஃப்ட்டும் இத்தனை கலாட்டாவுக்குப் பிறகு 2025-இல் ‘தி க்ரூ 2’-க்கு நெட் இல்லாமல் ஆடும் வசதி கொடுத்தது. முதல் பாகத்தை வாங்கியவர்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

கார் கம்பெனிகளோடும் பாட்டுக் கம்பெனிகளோடும் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது மூன்றாவது பதில். ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’-க்கும் இதே பிரச்சினைதான். 2024 டிசம்பரில் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதிதாக யாரும் வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். விற்க உரிமை போனதற்கும், விற்றதைப் பிடுங்குவதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

நல்ல பிள்ளைகளும் உங்களில் இருக்கிறார்கள். ‘நாக்அவுட் சிட்டி’யை 2023-இல் மூடியபோது, ஆடுபவர்கள் தாங்களே சர்வர் வைத்துக்கொள்ளும் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இணையம் வழியாகவே விளையாட்டை ஓட்டித் தந்த கூகுள் ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடியபோது காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதன் கன்ட்ரோலரும் வீணாகாமல் ப்ளூடூத்தில் வேலை செய்யும்படி மாற்றிக் கொடுத்தார்கள். சோனி ‘கான்கார்ட்’ விளையாட்டை 2024-இல் இரண்டே வாரத்தில் மூடிவிட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. இந்தக் காலத்தில் பெரும்பாலும் சந்தாவுக்கே மென்பொருள் தரும் அடோபிகூட, 2013-இல் பழைய சிஎஸ்2 பதிப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பை வைத்துவிட்டுத்தான் போயிற்று. போகிற ஆசாரி சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. அது போதும், நான் கேட்பது அவ்வளவுதான்.

தனியாக ஆடும் விளையாட்டுக்கு லாகின் வேண்டாம். எங்கள் ஊரையும் நினைத்துப் பாருங்கள். 2012-இல் பாதி நாள் கரண்டே இருக்காது. இன்றைக்குக் கரண்ட் தேவலை, ஆனால் பள்ளம் தோண்டுபவர் கேபிளை வெட்டினால் இரண்டு நாள் நெட் இருக்காது. அந்த இரண்டு நாளில்தான் ஒரு பையனுக்கு விளையாட்டே தேவை. கூட்டமாக ஆடும் விளையாட்டு என்றால், மூடும் முன் ஆடுபவர்களே சர்வர் வைத்துக்கொள்ள ஒரு வழி. இரண்டும் முடியாதென்றால் விற்கும்போதே சொல்லிவிடுங்கள், இன்ன தேதி வரை நிச்சயம், அப்புறம் இல்லை என்று. பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள், 2,000 ரூபாய் பொருளுக்குப் போடக்கூடாதா?

அந்த ‘வாங்கு’ என்ற பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, உரிமம் மட்டும்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, இணையத்தில் விளையாட்டு விற்கும் கடையான ஸ்டீம், பணம் கட்டும் இடத்தில், நீங்கள் பெறுவது உரிமம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. அதுவும் எனக்கு முழு திருப்தி இல்லை. திருடும் முன் ‘திருடப்போகிறேன்’ என்று போர்டு வைத்த கதைதான். ஆனாலும் போர்டாவது இருக்கிறது. வாடகைக்கு விடுவதானால் ‘வாடகை’ என்று எழுதுங்கள், விலையையும் வாடகை அளவுக்குக் குறையுங்கள். எங்கள் ஊரில் வாடகை வீட்டுக்காரனிடம் கிரயப் பணம் யாரும் வாங்குவதில்லை.

அந்தப் பையன் நேற்று மறுபடி வந்தான். லேப்டாப் மெதுவாக இருக்கிறதாம், இடம் நிறைந்துவிட்டது. எதை அழிக்கலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பழைய படங்கள், கல்லூரி ப்ராஜெக்ட்டின் ஏழு நகல்கள், அக்கா கல்யாண வீடியோவில் இரண்டாவது காப்பி, எல்லாம் போயிற்று. அந்த 43 ஜிபி ஃபோல்டருக்கு வந்ததும் நான் டெலீட் பட்டனில் கை வைத்தேன். ‘அது இருக்கட்டும்ண்ணே’ என்றான். ‘ஒருவேளை பேட்ச் ஏதாவது விட்டாங்கன்னா?’

நான் அழிக்கவில்லை. டி டிரைவில் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு சர்வீஸ் கடைக்காரன்